மாத்திரையை ஒளித்துக் கொடுக்கிறேன், இது அவிசுவாசமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், சபை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 39. பள்ளி ஆசிரியை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்குத் தொழிலில் நஷ்டம் வந்து வீட்டோடு முடங்கிக் கிடந்த நாட்களில் பழைய சபையிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த தெரு ஜெபவீட்டார் வந்தார்கள், அரிசி வாங்கிப் போட்டார்கள், இரவெல்லாம் உடனிருந்து ஜெபித்தார்கள். நாலு வருடமாகக் குடும்பம் அங்கேதான் போகிறது.

ஒரே மகன், 13 வயது. எட்டு வயதிலிருந்து வலிப்பு நோய். மாத்திரை எடுத்துக்கொண்டதில் ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் அவன் தலையில் கைவைத்து ஜெபித்து, "பிசாசின் கட்டு அறுந்தது, இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்று அறிவித்திருக்கிறார். அன்று இரவே கணவர் மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். சகோதரி ரகசியமாக வாங்கி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகனுக்குக் கொடுக்கிறார். இரவு வேளைக்குக் கொடுக்க முடிவதில்லை, கணவர் வீட்டில் இருப்பார். போன வாரம் பையனுக்கு மறுபடி வலிப்பு வந்திருக்கிறது. "வீட்டில் யாரோ அறிக்கையைக் கெடுக்கிறார்கள்" என்றாராம் பாஸ்டர், சுகமாகிவிட்டான் என்று விசுவாசத்தோடு வாயால் சொன்னதைத்தான் அறிக்கை என்கிறார். கூடவே, இரண்டு லட்சம் 'விதை காணிக்கை' விதைத்தால் சாபம் முறியும் என்று ஒரு தீர்க்கதரிசனம். கணவர் இவருடைய நகைகளை அடகு வைக்கக் கேட்கிறார்.

அவர் கேட்கும் கேள்விகள்: "நான் ஒளித்துக் கொடுப்பதால்தான் சுகம் தடைபடுகிறதா? நகையைக் கொடுக்காவிட்டால் ஆசீர்வாதத்தை மறித்தவள் ஆவேனா? என் அக்கா, அந்த இடத்தில் உபதேசம் சரியில்லை என்கிறாள். எனக்கு உபதேசச் சண்டையெல்லாம் வேண்டாம் ஐயா. இயேசுவின் மேல் அன்பு இருந்தால் போதாதா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளின் வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு காரியம் இன்றைக்கே நடக்க வேண்டும்.

முதலில் மருத்துவர்

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஒரு வேளை கொடுத்து ஒரு வேளை விடுவதும் ஆபத்துதான். இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும்போது, அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். சில சமயம் நிற்காமல் தொடரும். அப்படித் தொடரும் வலிப்பு உயிரையே எடுத்துவிடலாம். போன வாரம் வந்தது நீங்கள் மாத்திரை கொடுத்ததால் வந்ததல்ல. கொடுக்க முடியாமல் போன இரவு மாத்திரைகளால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை இன்றே தொலைபேசியில் பிடியுங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம், இதுபோன்ற கதையை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். விட்டுப்போன வேளைகளுக்கு ஈடாக நீங்களாகவே அளவைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்து, இரும்புத்துண்டு எதையும் கையில் கொடுத்து ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. இரண்டு வருடமாவது வலிப்பு இல்லாமல் இருந்தால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி மருத்துவரே பேச்சை எடுப்பார். உங்கள் மகன் ஒன்றரை வருடம் கடந்திருந்தான். அந்தக் கரையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான். அதை நினைத்தால் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

சரி, இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், மற்ற எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

உபதேசம் வேண்டாம் என்கிறீர்கள்

உபதேசம் என்றதும் உங்களுக்கு ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, அந்நிய பாஷை உண்டா இல்லையா என்று யூடியூபில் நடக்கிற சண்டை ஞாபகம் வருகிறது. எனக்கும் அந்தச் சண்டைகளில் பெரிய மரியாதை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வியாதி பிசாசால் வருகிறது. விசுவாசம் போதுமான அளவு இருந்தால் சுகம் நிச்சயம். மருந்து அவிசுவாசம். பணம் விதைத்தால் சாபம் முறியும். இந்த நான்கும் உபதேசங்கள்தாம். ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் மகன் மாத்திரை சாப்பிடுகிறானா இல்லையா என்பதை உங்கள் வீட்டில் அவைதான் தீர்மானிக்கின்றன. நீங்கள் உபதேசம் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த நாலு வருடமும் ஓர் உபதேசத்தின் கீழ்தான் வாழ்ந்திருக்கிறீர்கள்.

பவுல் தீத்துவுக்கு எழுதும்போது, "நீயோ ஆரோக்கியமான உபதேசத்துக்கேற்றவைகளைப் பேசு" என்கிறார். 'ஆரோக்கியமான' என்று நம் வேதாகமத்தில் வந்திருப்பது அலங்காரச் சொல் அல்ல. கிரேக்க மூலத்தில் இருப்பது உடல்நலத்தைக் குறிக்கும் சொல்லேதான், சுகாதாரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ஹைஜீன் என்பதும் அதே வேரிலிருந்து வந்தது. "சுகமுள்ளவர்களுக்கு வைத்தியன் வேண்டியதில்லை, பிணியாளிகளுக்கே வேண்டும்" என்று இயேசு சொன்னதை லூக்கா எழுதும் இடத்திலும், சுகமுள்ளவர்கள் என்பதற்கு இதே சொல்தான். உபதேசம் ஒரு வீட்டைச் சுகமாக வைக்க வேண்டும், அல்லது சீக்காளி ஆக்கும். அந்தத் தீத்து இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அடுத்து பேசுவதெல்லாம் முதியவர்கள், வயதான பெண்கள், இளம் மனைவிகள், வேலைக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அடுப்படிக்கும் வேலைத்தலத்துக்கும் ஆன பேச்சு.

உங்கள் தாத்தா காலத்தில் நம் ஊர்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனையை நடத்தி, வீடு வீடாகப் போய் ஜெபித்து, பிள்ளைகளுக்கு வினா-விடை சொல்லிக்கொடுத்தவரை 'உபதேசியார்' என்றுதான் அழைத்தார்கள். இன்றும் சில கிராமங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்ததுதான் உபதேசம். அது செமினரிக்காரர்களின் சொத்தாக எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

என் கதை ஒன்றும் சொல்கிறேன். நான் ஆயராகப் பொறுப்பேற்ற புதிதில் ஐந்து வயதுக் குழந்தையை அடக்கம் செய்ய வேண்டி வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "தேவன் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்று பிரசங்கித்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது அந்தத் தாய் கேட்டார்: "அவருக்கு வேற பூவே கெடைக்கலையா ஐயரே?" அவர் அதற்குப் பிறகு பல வருடம் ஆலயத்துக்கு வரவில்லை. எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, அன்றைக்கு நானும்தான் அழுதேன். ஆனால் பிள்ளைகளைப் பறிக்கிற ஒரு கடவுளை அந்தத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வேதத்தில் அப்படி ஒரு கடவுள் இல்லை. லாசருவின் கல்லறையில் கண்ணீர்விட்டவர்தான் இருக்கிறார். அன்பு போதாதா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் முகம் வருகிறது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனங்கள்

உங்கள் கடிதத்தில் மூன்று வசனங்கள் மேற்கோளாக வருகின்றன. பாஸ்டர் சொன்னவை. அவற்றைச் சும்மா தள்ளிவிடக் கூடாது, எடுத்துப் பார்ப்போம்.

ஆசா ராஜா தன் வியாதியில் "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே", அதாவது வைத்தியர்களையே, தேடினான் என்பது ஒன்று. அதே அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். ஆசா கர்த்தரை விட்டுவிட்டு சீரியா ராஜாவை நம்பினான், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டான். வியாதியிலும் அதே பிடிவாதம். குற்றம், அவன் தேவனைத் தேடாததில் இருக்கிறது. எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில்.

"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பது இரண்டாவது. இந்த வசனத்தின் மேல் கைவைக்க எனக்குப் பயம்தான், அவ்வளவு பெரியது. மத்தேயு இந்த ஏசாயா 53ஐ இயேசு செய்த சுகங்களோடும் சேர்த்துச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் பேதுரு தன் முதல் நிருபத்தில் இதை எடுத்தாளும்போது, நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார். சிலுவை நம் சரீரத்தையும் மீட்கும், உண்மை. எப்போது? நீங்கள் சிறுவயதிலிருந்து எழுந்து நின்று சொன்ன விசுவாசப் பிரமாணத்தில் விடை இருக்கிறது: சரீரம் உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிக்கிறேன். முழுச் சுகம் அன்றைக்கு. அதற்கு முன் தேவன் சிலரை அற்புதமாகச் சுகமாக்குகிறார், சிலரை மருந்தால் தாங்குகிறார், சிலரை நாம் அடக்கம் செய்கிறோம்.

பவுலின் கூட்டாளிகளையே பாருங்கள். ஜனங்கள் ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்காமல் 'செவித்தினவுள்ளவர்களாகி'த் தங்களுக்குப் பிடித்த போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எச்சரிக்கிற அதே 2 தீமோத்தேயு நான்காம் அதிகாரத்தில், கொஞ்சம் கீழே, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், அது அந்தக் காலத்து வைத்தியம். கூடவே பயணம் செய்த லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்றார். அந்த வழியில் வந்தவர்கள்தான் 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கினார்கள், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார்கள். மருந்து அவிசுவாசம் என்றால் நம் மூதாதையரின் மிஷன் ஆஸ்பத்திரிகளையெல்லாம் பூட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது வசனம், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே." சங்கீதம் 105இல் அது நாடோடிகளாய்த் திரிந்த ஆபிரகாம் குடும்பத்துக்குக் கெடுதல் செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. போதகரைக் கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை. பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை வேதம் 'நற்குணசாலிகள்' என்கிறது.

தம்பியின் மனது

கடிதத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் தனியாகப் படுக்கப் பயப்படுகிறான், எனக்குள்ளே இன்னும் இருக்காம்மா என்று கேட்கிறான்." எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

அவனிடம் இன்றே பேசுங்கள். வலிப்பு என்பது மூளையில் மின்சாரம் சற்று நேரம் தாறுமாறாகப் பாய்வது. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேதத்தையும் திறந்து காட்டுங்கள். மத்தேயு 4:24இல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் இருக்கிறது: பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர். சந்திரரோகம் என்பது வலிப்புக்கு நம் மொழிபெயர்ப்பில் வரும் பழைய பெயர். மத்தேயு இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார். வலிப்புள்ள ஒரு பையனைப் பிசாசிடமிருந்து இயேசு விடுவித்த சம்பவமும் உண்டு, அதைத்தான் உங்கள் பாஸ்டர் சொல்லியிருப்பார். ஒரு பையனுக்கு அப்படி இருந்தது என்பதால் வலிப்புள்ள எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று ஆகாது.

அந்தச் சம்பவத்திலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தகப்பன், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னான். அரைகுறை விசுவாசம் என்று அவனே ஒப்புக்கொண்டான். இயேசு, போய் முழு விசுவாசத்தோடு வா என்று சொல்லவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார். உங்கள் மாத்திரையால் இயேசுவின் கை கட்டுப்பட்டுவிட்டது என்றால், அந்தத் தகப்பன் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும்.

இரண்டு லட்சமும் நகையும்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. 'விதை' என்ற பேச்சைக் காணிக்கையோடு கோத்து, இவ்வளவு விதைத்தால் இன்ன அற்புதம் என்று பரப்பியதில் முக்கியமானவர் ஓரல் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க ஊழியர், போன நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. பவுலும் விதைப்பு அறுப்பு என்று பேசுகிறார், உண்மைதான். ஆனால் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது பேசியது அது. அங்கேயே "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார். அடகு வைத்துக் கொடுப்பது உள்ளதிலிருந்து கொடுப்பது ஆகாது. சாபத்தை முறிக்கப் பணம் என்பது நம் ஊரில் பரிகாரம் என்ற பெயரில் ஏற்கெனவே உள்ள வியாபாரம்தான், அதற்கு வேத வசனத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. மிச்சம் வைக்கவில்லை.

நகை உங்களுடையது. உங்கள் சம்பளமும் சட்டப்படி உங்களுடைய தனிச் சொத்து, கிறிஸ்தவப் பெண்களுக்கு 1874ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. கொடுக்க மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது. நகைகளை இப்போதைக்கு உங்கள் அம்மா வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைப்பது நல்லது.

கணவரிடம்

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் அவர் கெட்டவராகத் தெரியவில்லை. தோற்றுப்போன ஒரு மனிதரைத் தாங்கிப் பிடித்தவர்கள் சொல்வதை நம்புகிறார். இதில் பழைய சபைக்காரர்களாகிய நாங்கள் தலைகுனிய வேண்டும். விசுவாசப் பிரமாணம் எங்களிடம் பத்திரமாக இருந்தது, அரிசியோடு வீடு தேடி வந்தவர்கள் அவர்கள். டயோசிஸ் தேர்தலுக்கு அலைகிற அலைச்சலில் பாதி போதும், உங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம். அந்த ஜெபவீட்டில் உண்மையாய் அன்பு செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களையெல்லாம் கள்ள உபதேசக்காரர் என்று வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பித் தாக்காதீர்கள், அக்காவையும் அனுப்பவிடாதீர்கள்.

ஒளித்துக் கொடுப்பது பாவமா என்று கேட்டீர்கள். பிள்ளையைக் காப்பாற்றச் செய்தது, அதற்காக உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் அது நீடிக்க முடியாது. ஒரு வேளைதான் முடிகிறது, மகனும் அப்பாவிடம் பொய் சொல்லப் பழகுகிறான். அதனால் மருத்துவரிடம் பேசி முடித்த கையோடு, கணவர் மதிக்கிற ஒரு பெரியவரை, அவருடைய அண்ணனோ பழைய நண்பரோ, கூட வைத்துக்கொண்டு நேராகச் சொல்லுங்கள்: "ஜெபிப்போம், தினமும் சேர்ந்து ஜெபிப்போம். மாத்திரையும் கொடுப்பேன். சுகமாகிவிட்டான் என்றால் டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும்." இயேசுவும் குஷ்டரோகியைச் சுத்தமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றுதான் அனுப்பினார். முடிந்தால் மருத்துவரிடம் கணவரையும் அழைத்துப் போங்கள், அவர் வாயால் கேட்டால் அதன் எடையே வேறு.

அவர் அப்படியும் தடுத்தால், நீங்கள் தனியாகவே மகனைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம், தாயாக உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. வேண்டுமென்றே பிள்ளையின் சிகிச்சையைத் தடுத்து அவனைத் துன்பத்துக்கு ஆளாக்குவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றமாகக்கூடும். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கை ஓங்கும் நிலை வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கத் தயங்காதீர்கள், மகனோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

சபையை மாற்றுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். அது நீங்களும் கணவரும் மகனும் சேர்ந்து எடுக்க வேண்டியது. அதுவரை ஞாயிறு போய் வந்தபின், பிரசங்கத்தில் வந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை மூன்று பேரும் சேர்ந்து வாசியுங்கள். வாக்குவாதம் வேண்டாம், வாசித்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டையும், எந்தத் தேதியிலிருந்து இரவு மாத்திரை நின்றது என்பதையும், போன வார வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மத்தேயு 4:24ஐத் தம்பியே வாசிக்கட்டும். வாசித்துவிட்டு என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.